பானைக்குப் பத்து, குழாய்க்குப் பூஜ்யம்: மண் வடிகட்டி நீண்டநாள் அனுபவம்

குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. சரியாக இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "அந்த மண் வடிகட்டி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். எனவே இந்தப் பதிவில் சூடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன் வாயில் விளிம்பால் தொங்கும் சுட்ட மண்பானை, வாளியின் அடிப்பக்கம் ஒரு குழாய். மின்சாரம் வேண்டாம், அழுத்தம் வேண்டாம். 1981-இல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் இதை வடிவமைத்தார். 1998-இல் மிட்ச் புயல் அடித்த பிறகு நிகரகுவாவில் குயவர்களோடு வேலை செய்யும் 'பாட்டர்ஸ் ஃபார் பீஸ்' தொண்டு அமைப்பின் ரான் ரிவேரா அதைக் குயவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். செய்முறையைப் பூட்டி வைக்காமல் கற்றுக்கொடுத்ததால்தான் இன்று பல நாடுகளில் உள்ளூர்ச் சூளைகளிலேயே இது தயாராகிறது.

முதலில் நியாயமாகப் பானையைப் பாராட்டிவிடுகிறேன். களிமண்ணோடு சலித்த மரத்தூளோ உமியோ கலந்து, அச்சில் அழுத்திச் சுடுகிறார்கள். தூள் எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாகிறது. அந்தத் துளைகள் நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து போவதால், துளையைவிடச் சிறிய கிருமியும் வழியில் எங்காவது ஒட்டிக்கொள்கிறது. மேலே கூழ்ம வெள்ளிப் பூச்சு, அதாவது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள், கிருமியைக் கொல்ல. ஆய்வகச் சோதனைகளில் பாக்டீரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல் பானையிலேயே நின்றுவிடுகிறது. வைரஸுக்கு அந்த அளவு நம்ப முடியாது, அவை மிகச் சிறியவை. உப்பு, ஃபுளூரைடு, ஆர்சனிக் போன்ற கரைந்த சரக்கு எதுவும் நிற்காது. கலங்கல் நன்றாகவே நிற்கும். வாங்கியதும் முதல் இரண்டு மூன்று முறை வடிவதைக் கொட்டிவிட்டால் மண் வாசம் போய்விடும்.

வேகம் மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. மெதுவாக வடிவதுதான் வடிகட்டுகிறது என்பதற்கு அடையாளம். திடீரென வேகம் கூடினால்தான் பயப்பட வேண்டும், எங்கோ விரிசல். சந்தேகமிருந்தால் பானையைக் காலி செய்து, ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் விளிம்புக்குக் கீழே வரை நேராக அமுக்கிப் பத்து விநாடி பிடியுங்கள். உட்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் கசிந்து ஓடினால் அந்தப் பானையின் கதை முடிந்தது. பானை நிரம்பியிருக்கும்போது வேகம் அதிகம், பாதிக்குக் கீழே போனால் நீரின் உயரமும் குறையும், நனையும் சுவரும் குறையும், ஆகவே மந்தம். அடிக்கடி நிரப்புவது ஒன்றே வழி. அதேபோல் வாளியில் நீர் ஏறிப் பானையின் அடியைத் தொட்டால் வடிதல் சுணங்கிவிடும். அடைத்துக்கொண்டது என்று நினைத்துத் தேய்க்கப் போகாதீர்கள், குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்தாலே போதும்.

குழாயைத் திறந்து! இனி அதற்கு வருகிறேன்.

இந்தக் கருவியில் ஆகக் குறைந்த செலவுள்ள உறுப்புகளில் ஒன்று அந்தக் குழாய். அழுத்தினால் திறக்கும் பிளாஸ்டிக் பிடி, பின்னால் பிளாஸ்டிக் மரை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நட், இரண்டு கெட்டியான தட்டை வாஷர். வாளிச் சுவரோ வளைந்தது, மெல்லியது. வளைந்த சுவரில் தட்டை வாஷர் நடுவில் அழுந்தும், ஓரத்தில் தூக்கும். துளையையும் பல இடங்களில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போடுகிறார்கள். உருகிய பிசிறு விளிம்பில் மேடாக உறைந்துவிடுகிறது, அதன் மேல் எந்த வாஷர் உட்காரும்? ஒவ்வொரு முறை பிடியை அழுத்தும்போதும் சுவர் வளைந்து மீள்கிறது, வாஷர் துளி நகர்கிறது. விரல் ஓரமாகப் பட்டால் குழாய் மொத்தமும் திரும்பி நட்டைத் தளர்த்திவிடும். வட்டத் துளைக்குப் பதில் ஒரு பக்கம் தட்டையான துளையும், அதற்கேற்றபடி ஒரு பக்கம் சீவிய மரைத் தண்டும் இருந்தால் திரும்பவே திரும்பாது. இதற்குக் கூடுதல் செலவுகூடக் கிடையாது, அச்சு செய்யும்போது யோசித்திருந்தால் போதும்.

ஒழுகினால் இறுக்கிவிடலாமே என்பீர்கள். நட் இருப்பது வாளிக்கு உள்ளே, பானைக்குக் கீழே. அதாவது நீர் குடித்துக் கனத்த, வழுக்கும் பானையை வெளியே தூக்கி எங்காவது சுத்தமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் கையை விட முடியும். கருவியிலேயே எளிதில் உடையக்கூடிய உறுப்பை, கருவியிலேயே மலிவான உறுப்புக்காக மறுபடி மறுபடி தூக்க வைக்கிறார்கள். தூக்கியதும் ஆத்திரத்தில் முறுக்கினால் மரை கழன்றுவிடும், அல்லது நட் பிளக்கும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

சொட்டுத்தானே என்று விடவும் முடியாது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு நான்கு லிட்டருக்கு மேல். மணிக்கு இரண்டு லிட்டர் தரும் பானையின் இரண்டு மணிநேர உழைப்பு தரையில் போகிறது. அதைவிடக் கெட்டது, குழாய் உடைந்த வீட்டில் நடப்பது. துளையில் துணியைச் செருகிவிட்டு, பானையை நகர்த்தி, டம்ளரை விட்டு மொண்டு குடிப்பார்கள். வடிந்த நீரில் குளோரின் போல மிச்சம் நின்று காக்கும் பொருள் எதுவுமில்லை. ஒரு கை பட்டால் போதும், பானை செய்த வேலை அத்தனையும் வீண். கம்போடியாவில் இந்த வடிகட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் மாதத்துக்குச் சுமார் 2 சதவீதம் என்ற கணக்கில் பயன்பாடு நின்றுபோனது, பெரும்பாலும் ஏதோ ஒன்று உடைந்ததால்தான்.

ஏழை எளியவர்க்கான கருவி என்றால் எல்லா உறுப்பும் மலிவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தியா மார்க் 2 கைப்பம்பில் வாஷர் மாற்ற 32 மி.மீ. குழாய்களை நிலத்துக்கடியிலிருந்து மொத்தமாக உருவ வேண்டியிருந்தது. மார்க் 3-இல் குழாயை 65 மி.மீ. ஆக்கினார்கள். பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாஷரை மாற்றிவிடலாம். குழாய்க்குச் செலவு கூடியது, பழுதுபார்ப்பு கிராமத்துக் கைக்கு வந்தது. எந்த உறுப்பு அடிக்கடி கெடுமோ அதற்கு முதலில் கை எட்ட வேண்டும். மண் வடிகட்டியில் அந்த யோசனை பானையோடு நின்றுவிட்டது.

சரி, திருத்தும் முறை. அரை இஞ்ச் மரை உள்ள ஸ்டெயின்லெஸ் பால் வால்வு (உள்ளே உருளும் குண்டால் திறந்து மூடும் குழாய்), அதற்கேற்ற டேங்க் நிப்பிள் (வாளிச் சுவர் வழியே போகும், நட்டோடு வரும் மரைத் துண்டு), சிலிக்கான் வாஷர் இரண்டு, டெஃப்ளான் டேப். ஈயம் கலந்திருக்கக்கூடிய மலிவுப் பித்தளை வேண்டாம், இது குடிநீர். அரை இஞ்ச் மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ., எனவே 21 அல்லது 22 மி.மீ. ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) துளை போட்டு, பிசிறைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். துளையின் மையம் வாளியின் அடியிலிருந்து மூன்று நான்கு செ.மீ. மேலே இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் நட் அடிமூலையில் இடிக்கும். (அந்த உயரத்துக்குக் கீழே சுமார் இரண்டு லிட்டர் எப்போதும் தேங்கும், கழுவும்போது சாய்த்துக் கொட்டிவிடுங்கள்.) உலோக வால்வின் கனம் மெல்லிய சுவரை இழுக்கும். அதற்காக இன்னொரு டப்பாவிலிருந்து 6 செ.மீ. அகல வட்டம் வெட்டி, நடுவில் அதே அளவு துளையிட்டு, உட்பக்கம் நட்டுக்கும் வாஷருக்கும் இடையில் கொடுங்கள். சுவருக்கு இரு பக்கமும் சிலிக்கான் வாஷர். கையால் இறுக்கி, அதன்பின் ஸ்பேனரில் கால் சுற்று மட்டும். டேப் சுற்ற வேண்டியது வால்வும் நிப்பிளும் சேரும் மரையில், வாளிச் சுவர்ப் பக்கம் அல்ல. அங்கே அடைப்பது வாஷரின் வேலை. பானையை வைக்கும் முன் வாளியைப் பாதி நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. வேகம் குறைந்தால் பானையின் உட்புறத்தை மட்டும் பிரஷால் தேய்த்து வடிகட்டிய நீரால் அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது, நுண்துளைக்குள் போய்விடும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், வெளி அடிப்பக்கத்தைத் தொடாதீர்கள், கழுவிய தட்டின் மேல் வையுங்கள். வாளிக்கும் குழாய் மூக்குக்கும் சோப்பு போடலாம். கலங்கல் நீரைத் தெளியவிட்டு, பருத்தித் துணியில் வடித்து ஊற்றினால் தேய்க்கும் வேலையே பாதியாகும்.

நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் பானை முகத்துக்காக. வேண்டுமானால் மாற்றுப் பானையை மட்டும் தனியாக வாங்குங்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில், மூடியோடு, சுவர் தடித்த வாளி ஒன்றை நீங்களே தேடி வால்வு பொருத்திக்கொள்ளுங்கள். வாளி எடுக்கும் முன் பானை விளிம்பின் வெளிவிட்டத்தை அளந்து போங்கள். வாளியின் வாய் அதைவிட ஒன்றரை இரண்டு செ.மீ. குறைவாக இருந்தால் விளிம்பு சுற்றிலும் படிந்து உட்காரும், ஊற்றும்போது சிந்துகிற நீர் இடுக்கு வழியாக வடிகட்டாமல் கீழே இறங்காது.