மூன்று சின்னங்கள் துணைவரும் விவிலியம்

எங்கள் பங்கின் சிறு குழுவான அன்பியத்தில் விவிலியப் பகிர்வை நடத்துகிறேன். முன்பு வாங்கிய வழிகாட்டி ஒன்றில் தோபித்து, மக்கபேயர் ஆகிய விவிலிய நூல்கள் இல்லவே இல்லை. கத்தோலிக்கரான நமக்கு விவிலியத்தில் 73 நூல்கள் அல்லவா! இப்போது மேசைமேல் இருப்பது, 2024இல் முழுமையாக வெளிவந்த இக்னேஷியஸ் கத்தோலிக்க ஆய்வு விவிலியம். குறிப்புகளுக்கிடையே புத்தகம், புறா, திறவுகோல் என மூன்று சின்னங்கள்: மறைநூலின் ஒருமை, வாழும் மரபு, திருச்சபையின் போதனை. எந்தக் குறிப்பு எதைத் தொடுகிறது என்பது பார்த்ததும் புரிகிறது. யோவான் 6ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சதையை உண்ணச் சொல்லும் இடத்தில் 'ட்ரோகோ', மென்று தின்பது என்ற கிரேக்கச் சொல் வருகிறது. அதை அறிந்தபின், இயேசுவின் உடலாக நாம் பெறும் அப்பமான நற்கருணையை வாங்கும்போது என் கைகள் நடுங்கின. நூல் ஆங்கிலம்தான், பக்கத்தில் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை விரித்து வைத்தே படிக்கிறேன். மறைக்கல்வி ஆசிரியர்கள் தயங்காமல் வாங்கலாம்.