தோட்டத்துக்குப் பறவைகள் வர: ஏழு ஆண்டு அனுபவம்

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில், நங்கநல்லூரில் எங்கள் வீட்டின் பின்புறம் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. அதுவரை விடியற்காலையில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அம்மரத்தோடு போய்விட்டதைத் தாங்க முடியாமல்தான், அடுத்த ஆண்டு தோட்டத்துக்குப் பறவைகளை வரவழைக்கும் முயற்சியைத் தொடங்கினேன்.

முதலில் கம்பும் நொய்யரிசியும் நிரப்பிய தீனிக்கூண்டு ஒன்றை மாட்டினேன். ஒரே மாதத்தில் மாடப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. சிந்திய தானியத்தைத் தேடி எலிகளும் வந்தன. பக்கத்து வீட்டு அம்மாவின் துணிக்கொடி புறா எச்சத்தால் பாழானது. எட்டு மாதங்களில் அதைக் கழற்றிவிட்டேன். நகரத்து வீடுகளுக்குத் தானியக்கூண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையில் பலன் தந்தது வாய் அகன்ற ஒரு மண்தட்டுதான். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீர் நிற்காதபடி வைத்து, சிறு பறவைகள் கால் ஊன்ற நடுவே ஒரு சொரசொரப்பான கல்லையும் இட்டேன். பூனை பதுங்க இடமளிக்கும் புதரை ஒட்டி வைக்காமல், பறந்து ஏறக் கிளை ஒன்று அருகிலிருக்கும் திறந்த இடத்தில் வைப்பது அவசியம். அக்கினி நட்சத்திர நாட்களில் கொண்டைக்குருவிகள், மைனாக்கள், தவிட்டுக்குருவிகள் என்று முறைவைத்து வந்து குளிக்கும். நீரை நாள்தோறும் மாற்றினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால், தேங்காய் நாரால் தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

செடிகளில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் தேன்சிட்டுகளை அழைத்து வந்தன. கறிவேப்பிலைச் செடியை ஒடித்து ஒடித்துக் குட்டையாக்காமல் மரமாக வளரவிட்டால், அதன் கருநிறப் பழங்களுக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். இது எனக்கு நான்காம் ஆண்டில்தான் புரிந்தது. பூச்சிமருந்தையும் அப்போதே நிறுத்தினேன், ஏனெனில் தேன் குடிக்கும் சிட்டும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் சிலந்திகளையும்தான் ஊட்டுகிறது. கூடு கட்டவும் அதற்குச் சிலந்தி நூல் வேண்டும். வெளிச்சுவரில் ஒட்டடை அடிப்பதை விட்ட மறு ஆண்டு, கொடிக்கம்பியின் ஓரத்திலேயே தேன்சிட்டு ஒன்று பைபோன்ற கூட்டைத் தொங்கவிட்டது. அது கலையும்வரை நாங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்தினோம்.

தச்சரிடம் சொல்லிச் செய்வித்த சிட்டுக்குருவிப் பெட்டி இன்றளவும் காலியாகவே இருக்கிறது. எங்கள் தெருவில் சிட்டுக்குருவியே கண்ணில் படாத நிலையில், பெட்டி மட்டும் அவற்றைக் கொண்டுவந்துவிடாது.

ஊருக்குப் போகும்போது தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவேன். மே மாதத்தில் மட்டும் அதற்கு மனம் வருவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.