மூன்றை இரண்டு என்று எண்ணும் கண்ணாடி

கடைக்காரர் ஒற்றை விரலால் திரையை மேலும் கீழும் தேய்த்துப் பார்த்துவிட்டு, "டச் அருமையாக வேலை செய்கிறதே சார்" என்றார். பார்வையில்லாத எனக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு திரை வாசிப்பான் டாக்பேக்கை அணைத்த பிறகுதான் அவரால் அப்படித் தேய்க்கவே முடிந்தது என்பது வேறு விஷயம். நான் கைபேசியை வாங்கி, ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து டாக்பேக்கை மறுபடி எழுப்பினேன். மூன்று விரல்களால் ஒரு தட்டு தட்டினேன். டாக்பேக்கின் பட்டியல் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது.

"பாருங்கள், மூன்றை இரண்டு என்று எண்ணுகிறது" என்றேன்.

"போனை யார் சார் மூன்று விரலால் தொடுவார்கள்?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் தொடுவேன். என்னைப் போன்றவர்கள் நாள் முழுவதும் தொடுவார்கள். கைபேசி பள்ளி மாடிப்படியில் விழுந்து கண்ணாடி நொறுங்கியதால், பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து டிஸ்ப்ளே மாற்றியிருந்தேன். உடைந்த கண்ணாடியோடு ஆறு மாதம் ஓட்டுபவர்கள் உண்டு. பார்வை உள்ளவர்களுக்கு அது வெறும் விரிசல். திரையை விரலால் தடவித் தடவியே படிப்பவனுக்கு ஒவ்வொரு தடவலுக்கும் ஒரு கீறல் விழும். அதனால் அசல் உதிரிபாகம் வரும்வரை காத்திருக்காமல் அவசரப்பட்டேன். தவறு என்னுடையதும்தான்.

இதே வாரத்தில் தம்பி ஒருவன் அழைத்தான். பிறவியிலேயே பார்வையில்லாதவன், வங்கி வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறான். "அண்ணா, நீங்கள் வைத்திருக்கும் போனையே வாங்கிவிடட்டுமா? டாக்பேக் சைகையெல்லாம் அதில் எப்படி?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. ஆனால் கேள்வி நியாயமானது, அதனால் கோபத்தைக் கொஞ்சம் ஓரம்கட்டிவிட்டு எழுதுகிறேன்.

நான் ஆண்ட்ராய்டுக்கு வந்தது 2013இல். அதற்கு முன் பொத்தான் வைத்த நோக்கியாவும் அதில் டாக்ஸ் என்ற திரை வாசிப்பானும்தான். 5ஆம் எண் பொத்தானின் மேல் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். அதை விரல் கண்டுவிட்டால் மற்ற ஒன்பது எண்களும் தாமாகவே இடம் சொல்லிவிடும். வழுவழுப்பான கண்ணாடியைக் கையில் வாங்கிய முதல் நாள், அந்தப் புடைப்பை இழந்ததற்காக நான் உண்மையாகவே வருந்தினேன். திரையைத் தடவினால் விரலுக்குக் கீழே இருப்பதைப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டு 4.0இல், 2011இல்தான் வந்தது. வலப்பக்கம் ஒரு வீச்சு வீசினால் அடுத்த உருப்படிக்குப் போகும் வசதி அடுத்த ஆண்டு 4.1இல் வந்தது. அந்த வீச்சு மட்டும் இல்லாதிருந்தால் நான் நோக்கியாவுக்கே திரும்பியிருப்பேன்.

ஆனால் அந்தக் காலத்து டாக்பேக்கில் பெரும்பாலான கட்டளைகள் கோணச் சைகைகளாக இருந்தன. ஒற்றை விரலை ஒரு திசையில் இழுத்து, எடுக்காமல் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ஒரு பட்டியல், மேலே ஏறி இடப்பக்கம் திரும்பினால் முகப்புத் திரை, இப்படி. எனக்கு எட்டு வயது வரை பார்வை இருந்தது, எழுத்து தெரியும். அதனால் கீழே இறங்கி வலப்பக்கம் திரும்புவதை 'ட' போடுவதாக மனத்தில் பதித்துக்கொண்டேன். சிலேட்டில் டானா போட்ட கை, கண்ணாடியிலும் போட்டது.

இதை அந்தத் தம்பிக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவன் பள்ளியில் இருந்தபோது, "டானா மாதிரி இழுடா" என்றேன். "டானா எப்படி இருக்கும் அண்ணா?" என்றான். அவனுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பிரெய்ல் புள்ளிகள். வரிவடிவ 'ட'வை அவன் விரல் ஒருநாளும் தொட்டதில்லை. பார்வையற்றவர்களுக்கு எந்தச் சைகை பொருந்தும் என்று ஷான் கேன், ஜேக்கப் வாப்ராக், ரிச்சர்ட் லாட்னர் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அச்செழுத்து வடிவங்களைச் சைகையாக வைக்காதீர்கள், திரையின் ஓரங்களையும் மூலைகளையும் பயன்படுத்துங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். பார்வையற்றவர் போடும் சைகை வேகத்திலும் அளவிலும் வடிவத்திலும் மற்றவர்கள் போடுவதிலிருந்து வேறுபடுகிறது என்றும் அளந்து காட்டினார்கள். பிற்பாடு அதைப் படித்தபோது அந்தப் பையனின் கேள்விதான் காதில் கேட்டது.

2021இல் பல விரல் சைகைகள் வந்தன. ஆண்ட்ராய்டு 11இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் டாக்பேக்கில் தட்டவும் இழுக்கவும் இரண்டு, மூன்று, நான்கு விரல்களைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. இந்தக் கைபேசியை வாங்கியதே அதற்காகத்தான். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் இதைப் போல என் கைக்குப் பிடித்தது வேறில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அழைப்பு வந்தால் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு விரல்களால் இருமுறை தட்டினால் போதும், எடுத்துவிடும். பேசி முடித்ததும் அதே தட்டு, துண்டித்துவிடும். பச்சைப் பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டாம். முன்பெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருக்க, நான் திரையைத் துழாவ, பெயரைப் படித்து, எண்ணைப் படித்து, குறுஞ்செய்தி அனுப்பவா என்று கேட்டு, பொத்தானை நெருங்கும்போது எதிர்முனை வைத்துவிடும். இப்போது மேசையில் கிடக்கும் கைபேசியைப் புறங்கை மூட்டுகளாலேயே தட்டி எடுத்திருக்கிறேன், விரலில் சாம்பார் ஒட்டியிருந்ததால்.

அதைவிடப் பெரியது மூன்று விரல் வீச்சு. மேலோ கீழோ மூன்று விரல்களால் இழுத்தால் எழுத்து, சொல், வரி, தலைப்பு, பேச்சு வேகம், மொழி என்று வாசிப்பின் அலகு மாறிக்கொண்டே போகும். வேண்டியது வந்ததும் ஒற்றை விரலால் மேலும் கீழும் நகர்ந்துகொள்ளலாம். பள்ளிக் குழுவில் வரும் செய்திகளில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழ்க் குரல் ஆங்கிலத்தை வாசிக்கும் அழகைக் கேட்டால் ஆங்கில ஆசிரியர் ராஜினாமா செய்துவிடுவார். மூன்று விரலில் இரண்டு வீச்சு, மொழி வந்துவிடும், கீழே ஒரு வீச்சு, ஆங்கிலக் குரல் வந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைச் செய்வேன். விரல் செய்கிறது என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது.

புதிய டிஸ்ப்ளே பறித்துக்கொண்டது அதைத்தான். மூன்று விரலால் தட்டினால் அது இரண்டு விரல் தட்டாகப் போய்ச் சேர்கிறது. டாக்பேக் கணக்கில் இரண்டு விரல் தட்டு என்றால் பேச்சை நிறுத்து என்று பொருள். மூன்று விரலால் இழுத்தால் இரண்டு விரல் இழுப்பாகிறது, அதாவது பக்கம் நகர்கிறது. ஆக, பட்டியலைக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது, மொழியை மாற்று என்றால் படித்துக்கொண்டிருந்த இடத்தைத் தொலைக்கிறது. சொன்னதைச் செய்யாத பொருளோடு வாழ்ந்துவிடலாம். சொல்லாததைச் செய்யும் பொருளோடு முடியாது. முதல் இரண்டு நாள் என் விரல்களில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நரம்பு மருத்துவரைப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

டாக்பேக் அமைப்புகளில் சைகைப் பயிற்சிக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே என்ன சைகை போட்டாலும் தனக்குப் புரிந்ததைப் பெயர் சொல்லும், வேறெதுவும் செய்யாது. புதியவர்களுக்காக வைத்தது. எனக்கு அது பரிசோதனைக்கூடமாக உதவியது. பத்து முறை மூன்று விரலால் தட்டினேன். ஏழு முறை இரண்டு விரல் என்றது. விரல்களை நன்றாக அகட்டி வைத்தால் மூன்று என்றது, சேர்த்து வைத்தால் மறுபடி இரண்டு. மலிவான தொடுதிரை, நெருங்கி நிற்கும் இரண்டு விரல்களை ஒரே தடித்த விரலாக எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னால் நம்ப வேண்டுமே! அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் கெட்டிக்காரன். டெவலப்பர் அமைப்புகளுக்குள் போய், விரல் படும் இடத்தைக் கோடுகளாகக் காட்டும் வசதியை இயக்கினான். திரையின் உச்சியில் எத்தனை விரல் பட்டிருக்கிறது என்று எண் வருமாம். "மூன்று விரல் வையுங்கள் சார்" என்றான். வைத்தேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அண்ணே, இரண்டு என்றுதான் காட்டுகிறது" என்று முதலாளியிடம் சொன்னான். என் சொல்லுக்கு இல்லாத மதிப்பு அந்த எண்ணுக்கு இருந்தது. அசல் டிஸ்ப்ளே 4,600 ரூபாய், வரவழைக்க இருபது நாள் ஆகும், கொடுத்த 1,800இல் ஆயிரத்தைக் கழித்துக்கொள்கிறேன் என்றார். நியாயமான மனிதர்தான், கண்ணாடிதான் நியாயமில்லாதது.

இந்த இருபது நாளில் பழைய டானாவுக்குத் திரும்பியிருக்கிறேன். பட்டியலுக்கு இன்றும் அது வேலை செய்கிறது. மூன்று விரல் வீச்சுக்குப் பதிலாகவும் ஒற்றை விரல் வழி உண்டு: கீழே இழுத்து அதே கோட்டில் மேலே ஏற வேண்டும். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் சரியாகவே வருகிறது. பஸ் குலுங்கினால் டானாவின் மூலை மழுங்கி வளைவாகிவிடும், டாக்பேக் அதை வெறும் கீழ்நோக்கிய வீச்சாக எடுத்துக்கொள்ளும்.

ஆனாலும் இந்தக் கட்டாயத் திரும்புதலில் ஒன்று புரிந்தது, இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மூன்று விரல் சைகைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பிடித்து மறு கையில் போட வேண்டும், அல்லது மேசை வேண்டும். தெருவில் நடக்கும்போது என் ஒரு கை வெண்கோலுடையது. பஸ்ஸில் அது கம்பியுடையது. மிச்சம் இருப்பது ஒரு கட்டைவிரல். டானா கட்டைவிரலால் போடக்கூடியது, மூன்று விரல் வீச்சு அப்படியில்லை. மூன்று வருடமாக நான் தெருவில் கைபேசியை எடுப்பதையே குறைத்திருந்தேன் என்பது இப்போதுதான் உறைத்தது. எடுக்க வேண்டுமென்றால் சுவரோரம் ஒதுங்கி, கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பேன். அதை வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரலை மட்டும் நம்பி யோசித்தவர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். 2009 வாக்கில் கூகுளில் டி.வி. ராமனும் சார்லஸ் சென்னும் பார்க்காமலே எண் சுழற்றும் செயலி ஒன்றைச் செய்தார்கள். ராமன் புனேயில் வளர்ந்தவர், பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர். அந்தச் செயலியில் விரல் திரையில் எங்கே விழுகிறதோ அந்த இடமே 5. அங்கிருந்து மேலே இடப்பக்கம் சரித்தால் 1, நேர் கீழே இழுத்தால் 8. தவறினால் கைபேசியைக் குலுக்கினால் கடைசி எண் அழியும். விரல் பொத்தானைத் தேடிப் போக வேண்டாம், பொத்தான் விரலடிக்கு வந்துவிடும். நோக்கியாவின் அந்தப் புடைப்பைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்த யோசனை அது. இன்றைய வங்கிச் செயலிகளில் ரகசிய எண் போடும் கட்டத்தில் ஒவ்வோர் எண்ணாகத் தடவித் தேடும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் எந்தச் செயலியாவது அதை எடுத்துக்கொண்டதா? என் கண்ணில் படவில்லை. படாது, சரி. காதிலும் படவில்லை.

ஐபோனைப் பற்றியும் தம்பி கேட்டான். சக ஆசிரியர் ஒருவருடையதில் ஒரு வாரம் கைப்பழக்கம் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதன் திரை வாசிப்பான் வாய்ஸ்ஓவரில் மூன்று விரல் வீச்சு பக்கம் நகர்த்துவதற்கு. வாசிப்பின் அலகை மாற்ற இரண்டு விரல்களை வைத்துப் பாட்டில் மூடியைத் திருகுவது போலத் திருக வேண்டும். எனக்கு மணிக்கட்டு வலித்தது, அவருக்கு வலிப்பதில்லை. 2019 முதல் சைகைகளை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அதில் இடமுண்டு. டாக்பேக்கிலும் மாற்றலாம். ஆகவே அதை வைத்து ஏற்றத்தாழ்வு சொல்ல மாட்டேன். விலைதான் ஏற்றத்தாழ்வு.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு அவனுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வாங்காதே" என்றேன். "சைகையெல்லாம் தங்கம். ஆனால் திரை உடைந்தால் அசலுக்கு இருபது நாள். நீ முதல் மாதமே கீழே போடுவாய்" என்றேன். அன்று மதியம்தான் தலைமையாசிரியர் அனுப்பிய சுற்றறிக்கையைப் படிக்கக் குரலை ஆங்கிலத்துக்கு மாற்றப் போய், பக்கம் நகர்ந்து, தேதியைத் தவறவிட்டு, கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் போய் நின்றிருந்தேன். அந்த எரிச்சல் பதிலில் ஏறிவிட்டது. வேறொரு நாள் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன்.

அவன் வாங்கிவிட்டான். அதே மாடல், கூடவே தடித்த ரப்பர் உறை. நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசி மணி அடித்து அவன் பெயரைச் சொன்னது. இடது கையின் இரண்டு விரல்களால் இருமுறை தட்டினேன். "அண்ணா, மூன்று விரலால் மொழி மாறுகிறது அண்ணா!" என்று கத்தினான். எனக்கு மாறவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை. பேசி முடித்ததும் மறுபடி இரண்டு விரல், இருமுறை. துண்டித்தது. இரண்டை மட்டும் அந்தக் கண்ணாடி இன்னும் இரண்டாகவே எண்ணுகிறது.