கொலராடோ காட்டுயிர் மசோதாக்களும் லெஜிஸ்கேனும்: சில ஆண்டு அனுபவம்

2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநில செனட்டில் எஸ்பி 22-031 (எஸ்பி என்றால் செனட் மசோதா) என்றொரு மசோதா வந்தது. பூமா, பாப்கேட், லிங்க்ஸ் என்ற மூன்று காட்டுப்பூனை இனங்களையும் வேட்டையாடத் தடை கேட்ட மசோதா. அதற்காகத்தான் மசோதாக்களைப் பின்தொடர உதவும் லெஜிஸ்கேன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினேன். பிப்ரவரியிலேயே கமிட்டியில் அது விழுந்துவிட்டது. ஆனாலும் ஜனவரி பிறந்தால் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் பழக்கம் இன்றும் விடவில்லை. இங்கே கூட்டத்தொடர் 120 நாள்தான். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

இந்தியாவில் வேட்டை என்றால் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். அமெரிக்காவில் மானும் எல்க் என்ற பெரிய மானும் கரடியும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. லெஜிஸ்கேன் 50 மாநிலங்களின் மசோதாக்களையும் ஒரே இடத்தில் தருகிறது. இலவசக் கணக்கில் ஒரு மாநிலத்தையும் அமெரிக்கக் காங்கிரஸையும் பின்தொடரலாம். எனக்கு அது போதும். பக்கத்து வயோமிங்கையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியவர்கள் பணம் கட்டத்தான் வேண்டும்.

தேடும் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. வேட்டை விலங்குக்குச் சட்டத்தில் ‘கேம்’ என்று பெயர். அதைப் போட்டுத் தேடினால் சூதாட்ட மசோதாக்கள் வந்து குவியும். ‘டேக்’ என்பது இன்னும் முக்கியம்: சுடுவது, பிடிப்பது, கொல்வது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆனால் எந்த மசோதாவில்தான் அந்தச் சொல் இல்லை? ‘வைல்ட்லைஃப்’ என்பதோடு சேர்த்துத் தேடினால்தான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

இந்தக் கருவியின் அருமை எனக்குப் புரிந்தது 2023இல். ஓநாய்களை மீண்டும் கொண்டுவர 2020 வாக்கெடுப்பில் மக்கள் மயிரிழையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2023 முடிவதற்குள் விட்டாக வேண்டும். அந்த ஆண்டு அடுத்தடுத்த எண்களில் இரண்டு மசோதாக்கள். 255, ஓநாய் கடித்துக் கால்நடையை இழந்த பண்ணைக்காரருக்கு இழப்பீட்டு நிதி. 256, மத்திய அரசின் விதி முடிவாகும்வரை ஓநாய்களை விடக் கூடாது என்பது. முதலாவதற்கு ‘ஆதரவு’, அடுத்ததற்கு ‘எதிர்ப்பு’ என்று என் பட்டியலில் குறித்துவைத்தேன். இரண்டும் இரு அவைகளையும் தாண்டின. 256ஐ கவர்னர் போலிஸ் மே 16 அன்று வீட்டோ செய்தார், 255இல் கையெழுத்திட்டார். மேலும் கீழுமாக இருந்த அந்த இரண்டு வரிகளை அந்த நாட்களில் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. டிசம்பர் 18 அன்று கிராண்ட் கவுண்டியில் முதல் ஐந்து ஓநாய்கள் கூண்டை விட்டு ஓடின.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘போஸ்ட்போன் இன்டெஃபினிட்லி’ என்று நிலை காட்டினால் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று காத்திருக்காதீர்கள். கொலராடோவில் அதற்குப் பொருள், மசோதா செத்துவிட்டது. அடுத்த ஆண்டுக்கும் எதுவும் நீளாது. புது எண்ணோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் மசோதாப் பட்டியலை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. வேட்டைப் பருவம் எப்போது, ஒருவர் எத்தனை சுடலாம், எத்தனை உரிமம் என்பதையெல்லாம் முடிவு செய்வது மாநிலத்தின் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் (பூங்கா, காட்டுயிர்) ஆணையம். அதன் விதிகள் மசோதாக்கள் அல்ல. மக்கள் வாக்கெடுப்பும் தனிப் பாதை. 2022இல் கமிட்டியில் விழுந்த அதே பூமா வேட்டைத் தடை, 2024 நவம்பரில் 127ஆம் முன்மொழிவாக வாக்குச்சீட்டிலேயே வந்து நின்றது. அங்கும் தோற்றது. மசோதாக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அப்படியொன்று வருவதே தெரிந்திருக்காது. அதனால் ஆணையத்தின் கூட்டத் தேதிகளைத் தனியாக நாள்காட்டியில் குறித்துவைக்கிறேன். தேர்தல் ஆண்டில் மாநிலச் செயலர் அலுவலகத்தின் முன்மொழிவுப் பட்டியலையும் மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.