அல்சூர் மாடி வகுப்பு: ‘வந்திருக்கிறேன்’ என்பதிலிருந்து தொடங்கும் ஆங்கிலம்

ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் நான், பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பின்புறமுள்ள தெருவொன்றில், மளிகைக் கடையின் மாடியறையில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு மூன்று மாதங்கள் சென்றுவந்தேன். சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டு இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு வாரங்கள்; கட்டணம் 6,000 ரூபாய். பொதுவான ஆங்கிலப் பயிற்சி என்று சொல்லித்தான் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றாலும், அதில் ஐந்து வாரங்கள், வினையோடு ‘ஹேவ்’, ‘ஹேட்’ போன்ற துணைவினைகள் சேர்ந்து வரும் பெர்ஃபெக்ட் காலங்களுக்கே செல்கின்றன. மற்ற பாடங்கள் எங்கும் கிடைப்பவை. இந்த ஐந்து வாரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘ஐ ஹேவ் சென்ட் தி இன்வாய்ஸ் யெஸ்டர்டே’ என்று நான் எழுதும்போதெல்லாம் என் மேலாளர் ‘ஹேவ்’ என்ற சொல்லை நீக்கித் திருப்பி அனுப்புவார். காரணம் கேட்டால், “அப்படிச் சொல்ல மாட்டார்கள், அம்மா” என்பதற்குமேல் அவரிடம் விளக்கம் இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை முழுமையாக மனப்பாடம் செய்திருந்தேன். அட்டவணை இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் எந்தக் கட்டத்திலிருந்து வினையை எடுப்பது என்பது மட்டும் விளங்கியதே இல்லை.

இங்கே அட்டவணை கிடையாது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஆசிரியை முதல் நாள் கரும்பலகையில் ‘வந்திருக்கிறேன்’ என்று தமிழில் எழுதி, அதை ‘வந்து’, ‘இருக்கிறேன்’ என்று இரண்டாகப் பிரித்தார். வந்தது முடிந்த செயல். இருப்பது இப்போதைய நிலை. ஆங்கிலத்தின் ‘ஹேவ் கம்’ என்பதும் இதே கட்டுமானம்தான், நமக்கு ‘இரு’ துணைவினையாக நிற்கும் இடத்தில் அவர்களுக்கு ‘ஹேவ்’ நிற்கிறது என்றார். பழைய ஆங்கிலத்தில் வருதல், போதல் போன்ற வினைகளுக்கு ‘ஐ ஆம் கம்’ என்று நம் ‘இரு’வுக்கு நிகரான சொல்லே துணைவினையாக வந்தது என்றும், ஈஸ்டர் நாளில் சிவாஜிநகர் புனித மரியாள் பேராலயத்துக்குப் போகிறவர்கள் ‘கிறைஸ்ட் இஸ் ரிசன்’ என்று சொல்லும்போது அந்தப் பழைய வடிவத்தைத்தான் சொல்கிறார்கள் என்றும் அவர் சொன்னபோது, நாற்பது வயதில் ஓர் அந்நிய மொழி முதன்முறையாக எனக்கு உறவாகப் பட்டது.

உறவைக் காட்டியபின் வேற்றுமையைக் காட்டுவது இவ்வகுப்பின் முறை. “நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்று நாம் சொல்வது எப்போது என்று கேட்டார். காலையில் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு, மழையைக் கண்ணால் காணாதபோது. ஆகவே தமிழில் ‘இருக்கிறது’ என்பது ஊகத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அதனாலேயே ‘நேற்று’ அதனுடன் தயக்கமின்றிச் சேர்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஊகத்துக்கு ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்று வேறு வழி உண்டு. வெறும் ‘ஹேவ்’ போட்ட வினை இன்றைய நிலையோடு கட்டப்பட்டது. ‘யெஸ்டர்டே’, ‘இன் 2015’ போன்று முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொற்கள் அதனுடன் ஒட்டுவதில்லை. ‘ஐ ஹேவ் சென்ட் தி இன்வாய்ஸ்’ என்றால் இன்வாய்ஸ் இப்போது அவர்களிடம் இருக்கிறது என்பது செய்தி. ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே’ என்றால் நேற்று நடந்தது என்பது செய்தி. என் மேலாளர் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். ‘திஸ் மார்னிங்’ என்பதையும் அன்றே பார்த்தோம்: காலை பதினொரு மணிக்கு ‘ஐ ஹேவ் ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’ என்று சொல்லலாம், அதையே மாலையில் சொல்வதென்றால் ‘ஐ ஹேட்’ ஆகிவிடும், ஏனென்றால் காலை முடிந்துவிட்டது.

அடுத்து அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது தன் ஊரையே. தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அதை ‘தி மைன்ஸ் க்ளோஸ்ட் இன் 2001’ என்று சொல்ல வேண்டும். இன்றும் மூடிக் கிடக்கின்றன என்பதைச் சொல்ல ‘தி மைன்ஸ் ஹேவ் பீன் க்ளோஸ்ட் சின்ஸ் 2001’. ஆண்டு ஒன்றே, இடையில் வருவது ‘இன்’ என்ற சொல்லா ‘சின்ஸ்’ என்ற சொல்லா என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. தந்தையார் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்பதை அவர் போகிறபோக்கில்தான் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களை வகுப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நம்மில் பெரும்பாலோர் செய்யும் இன்னொரு பிழையும் இங்கேயே பிடிபட்டது. ‘பத்து வருஷமாக பெங்களூரில் இருக்கிறேன்’ என்பதில் நமக்கு நிகழ்காலமே போதும், ‘ஆக’ என்ற சிறு விகுதி கால அளவைச் சொல்லிவிடுகிறது. அதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ ஆம் லிவிங் இன் பெங்களூரு ஃபார் டென் இயர்ஸ்’ என்கிறோம். ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்பதே சரி. வேலைக்கான நேர்காணலில் இது சொல்லழகு பற்றிய விஷயம் மட்டுமன்று. ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று கேட்பவர் கொள்வார். விலகிவிட்டிருந்தால் ‘ஐ வொர்க்ட்’ என்றே சொல்ல வேண்டும்.

‘அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்பதை இரண்டு விதமாக மொழிபெயர்க்கச் சொன்ன வகுப்பும் நன்று: இப்போது இங்கே இல்லை என்றால் ‘ஹி ஹேஸ் கான்’, என்றோ போய்த் திரும்பிய அனுபவம் என்றால் ‘ஹி ஹேஸ் பீன்’. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு நேர் ‘ஹேவ் யூ ஈட்டன்?’, அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் ஆல்ரெடி?’ என்றும் இயல்பாகக் கேட்பார்கள் என்பதால், கலிஃபோர்னியா அலுவலகத்தோடு பேசும் மாணவர்கள் அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

எல்லாவற்றிலும் சிறந்தது ‘ஹேட்’ பாடம். ‘நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்’ என்பது தமிழில் முழுமையான வாக்கியம். என் பக்கத்தில் அமர்ந்திருந்த கன்னடத் தோழி, தங்கள் மொழியிலும் ‘நின்னே ஹோகித்தே’ என்று அப்படித்தான் சொல்வோம் என்றார். இந்த ஊரில் பாதிப் பேர் ‘ஐ ஹேட் கான் டு தி டெம்பிள் யெஸ்டர்டே’ என்று சொல்வதற்கு மூலம் இதுதான். ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர் அந்த ‘ஹேட்’ காதில் விழுந்தவுடன், அதற்குப்பின் நடந்த இன்னொரு கடந்தகால நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பார். நாம் அங்கேயே நிறுத்திவிடுவதால் கதை பாதியில் நிற்பதுபோல் அவருக்குத் தோன்றும். ஆசிரியை எங்களை ஜன்னலருகே அழைத்து, ஏரிக்கரையிலுள்ள திருவள்ளுவர் சிலை இருக்கும் திசையைக் காட்டினார். பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. ‘வென் தே அன்வெய்ல்ட் தி ஸ்டாச்சூ இன் 2009, இட் ஹேட் பீன் கவர்ட் ஃபார் எய்ட்டீன் இயர்ஸ்’ என்று எழுதவைத்தார். திறந்த நாள் ஒரு கடந்தகாலம், அதற்கும் முன்னே நீண்டு கிடந்த காத்திருப்பு இன்னொரு கடந்தகாலம், ‘ஹேட்’ அதற்குரியது. பிறகு கன்டோன்மென்ட் நிலையத்தில் பிருந்தாவன் ரயிலைத் தவறவிட்ட கதை: ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்’ என்றால் ரயிலைப் பார்க்கவே இல்லை, ‘தி ட்ரெய்ன் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்த கணத்தில் கிளம்பியது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்து வரிசை தெளிவாகத் தெரிந்தால் ‘ஹேட்’ இல்லாமலே எழுதலாம் என்ற குறிப்பு, என் மின்னஞ்சல்களைப் பாதியாகச் சுருக்கியிருக்கிறது.

எதிர்காலப் பெர்ஃபெக்ட் ஒரே மாலையில் முடிந்தது. ‘இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பான்’ என்பதும் ‘ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்’ என்பதும் ஊகத்தில்கூட ஒன்றாக இருப்பதால் அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

குறைகளும் உண்டு. இருபது பேர் அமரக்கூடிய அறையில் முப்பது பேர் அமர்கிறோம்; மே மாத வெயிலில் ஒரே மின்விசிறி போதவில்லை. அச்சிட்டுத் தரும் தாள்களில் எழுத்துப் பிழைகள் நிறைய. இவற்றைவிடப் பெரிய குறை, காதுக்கான பயிற்சி மிகக் குறைவாக இருப்பது. வேகமாகப் பேசுபவர் ‘ஐ ஹேவ்’ என்பதை ‘ஐவ்’ என்று விழுங்கிவிடும்போது ‘ஹேவ்’ இருந்ததா இல்லையா என்றே தெரிவதில்லை. ‘ஐட்’ என்று ஒலிப்பது ‘ஐ ஹேட்’ என்பதன் சுருக்கமா ‘ஐ வுட்’ என்பதன் சுருக்கமா என்பதை அடுத்து வரும் வினையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்ற வகை வாக்கியங்களும் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆங்கிலத்தை ஓரளவு எழுதத் தெரிந்து, ஒரே பிழையைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். எழுத்தே புதிது என்பவர்களுக்கு முதல் மூன்று வாரங்கள் கடினமாக இருக்கும். அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், மாலை ஆறு மணிக்குச் சரியாகத் தொடங்கிவிடுகிறார்கள். விடுபட்ட அந்த ‘வந்திருந்தால்’ பாடத்துக்கும் காதுப் பயிற்சிக்கும் தனியாக நான்கு வாரம் வைக்கும்படி நாங்கள் ஒன்பது பேர் ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தீபாவளிக்குப் பிறகு தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.