"கமிஷன் மிச்சம்" என்று வெளியே கூப்பிட்டால் போகாதீர்கள்: எனக்குப் போனது 2,340 டாலர்

என்னிடம் வேலை வாங்கிய ஏஜென்சிக்கு நேற்று இரவு பதினொன்றரைக்கு அனுப்பிய மின்னஞ்சல், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. 156 மணி நேர வேலை, மணிக்கு 15 டாலர், மொத்தம் 2,340 டாலர். ஒரு காசு வரவில்லை. இனி வராது என்பதும் நேற்றோடு தெரிந்துவிட்டது. தூக்கம் வரவில்லை, கோபம் அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டால் வெட்கப்பட்டு நானே மறைத்துவிடுவேன். நாம் வெளியில் சொல்லமாட்டோம் என்ற தைரியத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. வேலை கண்ணில் பட்டது, ஃப்ரீலான்சர்களையும் (எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள்) கிளையன்ட்களையும் சேர்த்துவைக்கும் பெரிய தளங்களில் ஒன்றில். ஏமாற்றியது, பல கிளையன்ட்களிடம் வேலை பிடித்து நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லும் ஒரு ஏஜென்சி. தளத்தில் அவர்களுக்கு நல்ல மதிப்பெண், நல்ல விமர்சனங்கள் எல்லாம் இருந்தன.

நான் மொபைல் செயலிகள் எழுதும் ஆள். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலைதான். 2021இல் வந்த வேலைகளை நேரமில்லை என்று நண்பர்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்தக் காலம் இப்படி முடியும் என்று நினைக்கவே இல்லை. அமெரிக்காவில் 2022 மார்ச் வரை பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை போய்விட்டது. எனக்கு வேலை கொடுத்து வந்ததெல்லாம் முதலீட்டாளர் பணத்தில் ஓடிய சின்னச் சின்ன நிறுவனங்கள். வட்டி ஏறி அந்தப் பணம் இறுகியதும் அவர்கள் முதலில் கை வைத்தது எங்கள்மேல்தான். ஒப்பந்த ஆளை நிறுத்த நோட்டீஸ் வேண்டாம், இழப்பீடு வேண்டாம், இரண்டு வரி மின்னஞ்சல் போதும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் 2022 நவம்பரில் 11,000 பேர், அடுத்த ஜனவரியில் கூகுளில் 12,000, மைக்ரோசாப்டில் 10,000 என்று செய்திகள் வந்தபோது, இப்படிச் சத்தமில்லாமல் நிறுத்தப்பட்ட எங்களை யாரும் எண்ணவில்லை. அப்புறம் அந்தப் பெரிய நிறுவனங்களிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் அடுத்த வேலை கிடைக்கும்வரை ஒப்பந்த வேலைக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் முன்பு பத்துப் பேர் கேட்ட வேலைக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்குள் ஐம்பது பேர் நிற்கிறோம்.

மணிக்கு 28 டாலர் வாங்கிக்கொண்டிருந்த நான் 22க்கு இறங்கினேன், அப்புறம் 18. ஏழு மாதத்தில் 140 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். பதில் வந்தது பதினொன்று, பேச்சு வரை போனது நான்கு. விண்ணப்பிக்கவே தளத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டிக் கட்டி விண்ணப்பித்து, அந்த விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று திரையில் தெரியும்போது வரும் சோர்வு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். அந்தச் சோர்வில் இருந்தபோதுதான் இந்த ஏஜென்சி வந்தது.

முதல் அழைப்பு நாற்பது நிமிடம். பேசியவர் தன்னை பிராஜெக்ட் மேனேஜர் என்று சொன்னார். கேமராவை ஆன் செய்துதான் பேசினார். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நான் போட்டிருந்த ஒரு பழைய செயலியைத் திறந்து பார்த்திருந்தார். இணைப்பு இல்லாதபோது தரவைச் சேமித்துவைத்து அப்புறம் அனுப்பும் பகுதியை ஏன் அப்படி எழுதினீர்கள் என்று குறிப்பாகக் கேட்டார். ஏழு மாதத்தில் என் வேலையை ஒருவர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில், "இத்தனை நாள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மார்க்கெட் ரொம்ப மோசம், எனக்குத் தெரியும். இனி உங்களுக்கு வேலைக்குக் கவலை இருக்காது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் விழுந்தேன். மணிக்கு 15 என்றதும் பேரம்கூடப் பேசவில்லை.

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. "தளம் வழியாகப் போனால் உங்கள் பணத்தில் கமிஷன் பிடிப்பார்கள், எங்களிடமும் கட்டணம் வாங்குவார்கள். நீண்ட நாள் சேர்ந்து வேலை செய்யப்போகிறோம், நேரடியாக இன்வாய்ஸ் அனுப்பிவிடுங்களேன்." எனக்கு விதிமுறை தெரியும். வெளியே போகக்கூடாது என்பதும் தெரியும். மணிக்கணக்கு வேலை என்றால் தளத்தின் மென்பொருள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரத்தைப் பதிந்துவைக்கும். மொத்தத் தொகை வேலை என்றால் கிளையன்ட் பணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை பிடித்துவைத்திருக்கும் கணக்கில், கட்ட வேண்டும். நாம் கொடுக்கும் கமிஷன் இந்தப் பாதுகாப்புக்கான விலை. தெரிந்தும் ஒரு நாள் யோசித்தேன். மறுநாள் சரி என்றேன்.

முதல் வாரம் 24 மணி நேரம். 360 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பினேன், மூன்றாம் நாள் பணம் வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த 360 டாலர் தூண்டிலில் மாட்டிய புழு என்று இப்போது தெரிகிறது. பணம் வந்த கணக்கில் ஏஜென்சியின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. கவனித்தேன். கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். ஒப்பந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன், அவர்கள் கையெழுத்துப் போட்ட பிரதி திரும்பி வரவே இல்லை. அதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த ஐந்து வாரம் பேய் மாதிரி உழைத்தேன். ஒரு முன்பதிவு செயலி. கட்டணம் செலுத்தும் பகுதி முழுவதையும் மாற்றி எழுத வேண்டும். தினமும் மாலை அவர்களுடைய ரெப்போவில் (நிரலைச் சேர்த்துவைக்கும் இணையக் கிடங்கு) கோடை, அதாவது எழுதிய நிரலை, ஏற்றிவிட வேண்டும் என்பது நிபந்தனை, ஏற்றினேன். இனி மாதத்துக்கு ஒரே இன்வாய்ஸ் போதும் என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். 156 மணி நேரம் சேர்ந்தது. 2,340 டாலருக்கு இன்வாய்ஸ் போனது. "கிடைத்தது, நன்றி, முப்பது நாளில் வரும்" என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

முப்பதாம் நாள் கேட்டேன். கணக்குப் பிரிவில் ஆள் மாறியிருக்கிறார், ஒரு வாரம் பொறுங்கள் என்றார்கள். முப்பத்தேழாம் நாள் கேட்டேன். எங்கள் கிளையன்ட் எங்களுக்கே இன்னும் தரவில்லை என்றார்கள். அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என்னிடம் வேலை வாங்கியது நீங்கள்தானே என்று எழுதினேன். பதில் இல்லை. நாற்பத்து நான்காம் நாள், கோடின் தரம் குறித்துச் சில கேள்விகள் இருக்கின்றன என்று ஒரு வரி வந்தது. என்ன கேள்வி என்று கேட்டால் பதில் இல்லை. அன்றைக்கு அந்தச் செயலியை ஆப் ஸ்டோரில் தேடிப் பார்த்தேன். புதிய பதிப்பு வெளியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் எழுதிய கட்டணப் பக்கம் அப்படியே இருந்தது, பிழைச் செய்தியில் நான் போட்ட வாசகம் உட்பட. தரம் சரியில்லாத கோடு எப்படி ஐயா வெளியே போனது?

எழுதும்போதே மிகவும் வலிப்பது இதற்கு அடுத்து நடந்தது. ஐம்பத்திரண்டாம் நாள் அந்த பிராஜெக்ட் மேனேஜரே கூப்பிட்டார். குரல் முதல் நாள் போலவே கனிவு. "எனக்கே சங்கடமாக இருக்கிறது. சர்வரை அமைப்பது பற்றிய கையேடு உங்களிடம்தானே இருக்கிறது? அதை அனுப்பிவிடுங்கள், இன்றைக்கே பாதிப் பணம் 1,170 போடச் சொல்கிறேன், மீதி அடுத்த வாரம்." என் கையில் மிச்சமிருந்தது அந்தக் கையேடு ஒன்றுதான். வாடகை கட்டும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கு அனுப்பினேன். ஐந்தே முக்காலுக்கு ரெப்போவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இரவு வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள். இனி இழுத்தடிக்க வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இல்லை.

தளத்துக்கு எழுதினேன். இரண்டு நாள் தானியங்கிப் பதில், அப்புறம் ஒரு மனிதர். பணம் தளத்துக்கு வெளியே கைமாறியதால் நாங்கள் தலையிட முடியாது என்றார். சரி, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த பத்தியில், விதிமுறையை மீறியதால் என் கணக்குக்கு முப்பது நாள் தடை என்று எழுதியிருந்தார். வெளியே கூப்பிட்ட செய்தி தளத்தின் அரட்டையிலேயே பதிவாகி இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் கொடுத்தேன். அவர்கள்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டதற்கு, மற்றவர் கணக்கைப் பற்றிப் பேச முடியாதாம். 2,340 டாலரை இழந்தவனுக்குத் தண்டனை, எடுத்தவனுக்கு ரகசியக் காப்பு.

சட்டம் உதவுமா என்று மூன்று இரவு படித்தேன். நியூயார்க் நகரத்தில் 2017 முதல் ஃப்ரீலான்சர்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதில் தேதி சொல்லாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், தராவிட்டால் இரண்டு மடங்கு வரை கேட்கலாம். பிரிட்டனில் 1998 முதலே தாமதமான வணிகக் கடனுக்கு அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்க முடியும். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் அதிகமானது. வழக்குப் போட எதிராளியின் முகவரி வேண்டும். இவர்கள் இன்வாய்ஸுக்குக் கொடுத்த நிறுவனப் பெயரைத் தேடினால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் யார்மேல் வழக்குப் போடுவது?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, தலை வலிக்கிறது. அவசரமாகச் சில மட்டும். தளத்தில் பிடித்த வேலையை வெளியே கொண்டுபோகாதீர்கள், முதல் பணம் சரியாக வந்தாலும் போகாதீர்கள். பணம் அனுப்புகிற பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் அன்றைக்கே நிறுத்திக் கேளுங்கள். அவர்கள் கையெழுத்து இல்லாத பத்திரம் வெறும் காகிதம். மாத இன்வாய்ஸுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரம் ஒரு முறை வாங்குங்கள். ஒரு வாரம் வராவிட்டால் அடுத்த வாரம் வேலை இல்லை. அந்த ஒரு வார விதியை நான் வைத்திருந்தால் போனது ஐந்நூறுக்குள் நின்றிருக்கும். கோடை உங்கள் ரெப்போவில் வைத்துக்கொண்டு, பணம் வந்த பகுதியை மட்டும் கொடுங்கள். கடைசியாகக் கையில் இருப்பதைப் பாதிப் பணத்துக்காகக் கூடக் கொடுக்காதீர்கள்.

இன்று காலை வேறொரு கணக்கிலிருந்து தேடிப் பார்த்தேன். அதே ஏஜென்சி, அதே செயலிக்கு அடுத்த கட்ட வேலை, மணிக்கு 12 டாலர் என்று விளம்பரம் போட்டிருக்கிறது. பதிவேற்றி ஆறு மணி நேரம். முப்பத்தெட்டுப் பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். தடை இருப்பதால் அவர்களில் ஒருவருக்குக்கூட என்னால் செய்தி அனுப்ப முடியவில்லை. முன்பதிவு செயலி, கட்டணப் பகுதி, "நேரடியாகப் பேசலாமே" என்ற வார்த்தை. இந்த மூன்றும் உங்கள் அரட்டையில் சேர்ந்து வந்தால் அது அவர்கள்தான்.