பழைய பூங்காவில் லெட்டர்பாக்ஸிங்: பையில் எதை வைக்கலாம், எதை விடலாம்

லெட்டர்பாக்ஸிங் நடைக்குக் கடையில் விற்கிற 'முழு செட்' வேண்டியதில்லை. துப்பைப் படித்து, ஒளித்து வைத்திருக்கும் டப்பாவைக் கண்டுபிடித்து, அதிலுள்ள ரப்பர் ஸ்டாம்பை நம் நோட்டிலும் நம் ஸ்டாம்பை அதன் நோட்டிலும் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது, அவ்வளவுதான் ஆட்டம். 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்கமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார்; அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றும் சரி இன்றும் சரி, வந்து போனதற்கு அடையாளம் விடுவதுதான் விஷயம். ஆகவே காசைச் செலவழிக்க வேண்டிய இடம் மை, காகிதம், டப்பா மூடி. மற்றதெல்லாம் அப்புறம்.

இங்க் பேடில் இரண்டு வகை. டை இங்க் சட்டென்று காயும். ஆனால் மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறும், ஈரம் பட்டால் கலையும். பிக்மென்ட் இங்க் காய நேரமெடுக்கும். காய்ந்தபின் கோடுகள் கூர்மையாக நிற்கும், எளிதில் கலையாது. பூங்கா நடைக்குப் பிக்மென்ட்தான். பதித்த பக்கத்துக்கு மேல் ஒரு துண்டுத் தாள் வைத்து மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டாது. பஞ்சு மேடாக எழும்பியிருக்கும் சிறிய பேடே போதும். ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாமல், ஸ்டாம்பை மல்லாத்திப் பேடால் அதன்மேல் லேசாகத் தட்டவேண்டும். அப்போது எத்தனை பெரிய ஸ்டாம்பானாலும் மை சீராக ஏறும், பள்ளத்தில் தேங்காது. அலுவலக மேசையில் கிடக்கும் ஸ்டாம்ப் பேட் இதற்குச் சரிப்படாது. மை வழிந்து நுணுக்கமான கோடுகளை அடைத்துவிடும்.

நோட்டு கோடு போடாததாக, தாளின் கனம் 150 ஜிஎஸ்எம்மோ (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) அதற்கு மேலோ இருக்கட்டும். சாதாரணப் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் பதித்தால் அடுத்த பக்கமும் போயிற்று.

சொந்த ஸ்டாம்பை அழிரப்பரில் செதுக்கலாம். படத்தை டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, கவிழ்த்து வைத்துத் தேய்த்தால் ரப்பரில் கண்ணாடி பிம்பமாக இறங்கும். எழுத்துகளைத் தலைகீழாக யோசித்துத் திண்டாட வேண்டாம். கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி பிடித்து வெட்டினால் ஒவ்வொரு கோட்டுக்கும் அடிப்பாகம் அகலமாக நிற்கும். உட்பக்கம் அறுத்துவிட்டால் சில பதிப்புகளிலேயே கோடு பிய்ந்து போகும். இன்னொன்று: வெள்ளை வினைல் அழிரப்பரைச் சில பிளாஸ்டிக்குகளில் நேரடியாக வைத்தால் நாளடைவில் உருகியதுபோல் ஒட்டிக்கொள்ளும். துணியில் சுற்றி வைப்பது நல்லது.

டப்பா என்றால் நான்கு பக்கமும் கிளிப் பூட்டும், மூடியில் சிலிகான் வாஷரும் உள்ள சாப்பாட்டு டப்பாதான். இதைவிட நல்லது எதுவும் இல்லை. திருகு மூடிப் பாட்டிலில் மரையில் மண் ஏறினால் முடிந்தது கதை. நல்ல டப்பாவும் இரண்டு காரணத்தால் நனையும்: வாஷர் உட்காரும் பள்ளத்தில் மணல், அல்லது மூடிக்கு இடையில் சிக்கிக்கொண்ட ஜிப் பையின் ஓரம். திறந்தவர் மூடும்முன் விரலால் பள்ளத்தை ஒருமுறை துடைத்தால் போதும், ஆனால் அவசரத்தில் யாரும் செய்வதில்லை. சிலிகா ஜெல் பொட்டலத்தை நம்பிப் பயனில்லை. கசியும் டப்பாவில் அது சீக்கிரமே நிறைந்து, வெறும் பொட்டலமாகக் கிடக்கும். இங்க் பேடை டப்பாவுக்குள் விட்டுவிட்டு வரக்கூடாது. வெயிலில் காயும், இல்லையென்றால் கசிந்து நோட்டைக் கெடுக்கும். ஸ்டாம்பை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி வைக்கவேண்டும்.

துப்பில் சொல்லும் திசையைப் பார்க்கக் காம்பஸ், தட்டையான பிளாஸ்டிக் தட்டில் பொருத்திய சாதாரண பேஸ்பிளேட் வகையே போதும். பழைய பூங்காவில் வரும் தொல்லை வேறு: இரும்புக் கம்பிவேலி, பீரங்கி, வார்ப்பிரும்பு விளக்குத்தூண். பக்கத்தில் நின்றால் முள் இழுபடும், மொபைல் காம்பஸும் சேர்ந்து தடுமாறும். சில மீட்டர் தள்ளி நின்று பார்க்கவேண்டும். 5 டிகிரி பிசகினால் 30 மீட்டர் நடப்பதற்குள் சுமார் 2.6 மீட்டர் விலகிவிடுவோம். அடுத்த மரத்தடியைத் துழாவிக்கொண்டிருப்போம்.

துப்பில் தூரத்தைச் சொல்லும் '40 பேஸ்' என்பதிலும் கண்ணி உண்டு. சிலருக்கு இரண்டு காலடி ஒரு பேஸ், சிலருக்கு ஒரு காலடியே ஒரு பேஸ். ஒரு காலடி 75 சென்டிமீட்டர் என்று வைத்தால் 60 மீட்டரா, 30 மீட்டரா? துப்பின் தலைப்பில் கணக்கு சொல்லாவிட்டால் இரண்டையும் நடந்து பார்க்கவேண்டியதுதான்.

துப்பு எழுதுவதில்தான் ஊர் நினைவு உள்ளே நுழைகிறது, டப்பா தொலைவதும் அங்கேதான். 'பேண்டு மேடையிலிருந்து கிழக்கே' என்று எழுதியிருக்கும்; மேடை எப்போதோ இடிந்து, புல்லில் வட்டமான அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கும். நீரூற்று பூப்பாத்தியாகியிருக்கும். வாசலுக்கு ஊர்க்காரர் சொல்லும் பெயர் பலகையில் இருக்காது. இப்படிப்பட்ட துப்புகளைக் குறை சொல்ல மனம் வராது, இல்லாமல் போன பூங்கா அவற்றில்தான் நடமாடுகிறது. ஆனால் தேடி வருகிறவருக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். பழைய பெயரையும் இன்று கண்ணில் படுவதையும் சேர்த்துத் தந்து, முதல் அளவைக் கல் படிக்கட்டு, சிலையின் பீடம் போல நகராத ஒன்றிலிருந்து தொடங்கும் துப்பே நல்ல துப்பு. மரத்தை மட்டும் நம்பி எழுதியது ஒரு புயலோடு போய்விடும்.

சொந்தமாக டப்பா வைப்பவர் முதலில் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கவேண்டும். தோண்டக்கூடாது, பழைய சுவரின் கல்லை உருவக்கூடாது. டப்பாவின் வெளியே இது என்ன என்று பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும். கறுப்பு டேப் சுற்றிய மர்மப் பொட்டலம் என்றால் காவலாளி போலீஸைத்தான் கூப்பிடுவார்.